கடலுக்கு முதுகு காட்டி

மயிலாப்பூர்
21 ஜனவரி 2026, புதன்

ஜுவேரியாவுக்கு,

உன்னோடு காய் விட்டிருக்கிறேன். அதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. காய் என்றால் பேச்சுதான் கிடையாது, எழுத்து உண்டு. மூன்றாம் வகுப்பில் இந்த விதியைக் கொண்டுவந்தவளே நீதான். என்னைப் பார்த்துச் சுண்டுவிரலை நீட்டிவிட்டு, கொஞ்ச நேரத்தில் என் நோட்டின் ஓரத்தில் "ரப்பர் கொடு" என்று எழுதினாய்.

அம்மாவின் போனில் எதை அனுப்பினாலும் அம்மா படித்துவிடுவாள். அதனால் அப்பாவிடம் தபால்தலை கேட்டேன். "சைதாப்பேட்டைக்கா? ஏதோ டில்லிக்கு மாதிரி கேக்கறே" என்று சிரித்தார். எனக்கு இப்போது சைதாப்பேட்டை டில்லியைவிடத் தூரம்.

பொங்கல் விடுமுறை முடிந்த அன்று காலை வயிற்றில் ஒரு கொப்புளம் வந்தது. மாலைக்குள் காது மடலில்கூட வந்துவிட்டது. வாசலில் வேப்பிலை, படுக்கையில் வேப்பிலை, சொறிந்துகொள்ளவும் வேப்பிலை. தலைக்கு ஜலம் விடும்வரை நான் அறையைவிட்டு வெளியே போகக் கூடாது. யாரையும் தொடக் கூடாது. சின்னம்மைக்கு எங்கள் வீட்டுச் சட்டம் அப்படி.

அன்று உனக்கு அழுதுகொண்டே போன் செய்தேன். ஒரே ஒரு தடவை "ஐயோ" என்றாய். அடுத்த மூச்சில், "உன் சீட்ல ஹம்சினி வராளாம். அவகிட்ட நல்ல கேமரா இருக்குடி" என்றாய். ஜுவேரியா, நான் ஒரு வருடமாகக் காத்திருந்த பயணம் அது. எனக்குப் பதிலாக ஒரு கேமராவா?

நீ மறந்திருப்பாய், நினைவுபடுத்துகிறேன். பாரம்பரிய மன்றத்தில் இந்தப் பயணத்தை முதலில் கேட்டது நான். இரவு ரயிலில் ஆந்திராவுக்குப் போய், ஒரே நாளில் மூன்று குன்றுகள், மூன்றிலும் பழைய பௌத்த மடங்களின் இடிபாடுகள். அன்புச்செல்வி மிஸ்தான் அந்த அருமையான ஏற்பாட்டைச் செய்தார்: ஒவ்வொரு குன்றிலும் வழிகாட்டி பேசி முடித்ததும் நம்மில் ஒரு ஜோடி வழிகாட்டியாக மாற வேண்டும். ஒருத்தி எழுத வேண்டும், ஒருத்தி பேச வேண்டும். கடைசிக் குன்றான தொட்லகொண்டா நமக்கு வந்தது. நாலு பேர் முன்னால் நின்றால் எனக்குக் குரல் வராது. உனக்கு நாலு வரி எழுதினால் கை வலிக்கும். நம்மைப் போன்ற ஜோடி வகுப்பில் கிடையாது என்று நினைத்திருந்தேன்.

இப்போது நீ என் வரிகளைப் பேசும்போது எழுதியவளின் இடத்தில் ஹம்சினி நிற்பாள். எல்லாரும் கைதட்டும்போது அவள் தலைகுனிந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், கன்னத்தில் குழி விழும்.

நேற்று அப்பா பள்ளிக்கு வந்து உரையைக் கொடுத்திருப்பார். அதில் கடைசிப் பக்கம் இல்லை. மறந்து விட்டுப்போனது இல்லை. நானே எடுத்துவைத்துக்கொண்டேன். அதை உனக்குக்கூட நான் காட்டியதில்லை. ரயிலில் காட்டி உன்னை அசத்தலாம் என்று இருந்தேன். நான் எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான். அது ஹம்சினி நிற்கும் இடத்தில் வாசிக்கப்படக் கூடாது.

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் உனக்கு வந்துவிடும். வேறு முடிவு தயார் செய்துகொள்ள நேரம் இருக்கும். நான் அநியாயக்காரி இல்லை.

மஹதி

பி.கு. பழம் விட வேண்டுமென்றால் இரண்டு விரல்களை நீட்டி நேரில் தொட வேண்டும். நான் யாரையும் தொடக் கூடாது. எனவே இப்போதைக்கு அதைப் பற்றி நினைக்காதே.

*

சைதாப்பேட்டை
26 ஜனவரி 2026

மஹதி மேடம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் சனிக்கிழமை மதியம் வந்து சேர்ந்தது. அந்த நேரத்தில் நான் ஆந்திராவில் ஒரு குன்றின் பாதி வழியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுமாம்! உங்கள் அப்பா தபால்பெட்டியில் போட்டாரா, கபாலி கோயில் உண்டியலில் போட்டாரா?

கடிதத்தை என்னைப் பெற்ற அம்மி இடுக்கியால் பிடித்து மொட்டை மாடியில் வெயிலில் வைத்துவிட்டார். "அம்மை வூட்டுலேந்து வந்த லெட்டரு, நல்லா காயட்டும்." ஒரு மூலையைக் காக்கா கொத்திவிட்டது. மீதியைத்தான் படித்தேன். மீதியே போதுமான அளவு கொத்தியது.

கேமரா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நான் சொல்ல வந்தது, "அவகிட்ட நல்ல கேமரா இருக்குடி, உனக்காக ஒவ்வொரு கல்லையும் எடுத்துத் தரச் சொல்றேன்" என்பது. பாதியிலேயே நீ "காய்!" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டாய். மீதி வாக்கியம் என் வாயிலேயே நின்றுவிட்டது.

நீ போகாத பயணத்தைப் பற்றிச் சொல்லவா, வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். சொல்கிறேன், நீ பொறாமையில் இன்னும் நாலு கொப்புளம் போட்டுக்கொள்.

விடியும்போது அனகாபல்லியில் இறங்கினோம். எங்கள் வழிகாட்டி பெயர் மகேஷ். ஆந்திராக்காரர் என்று நினைத்தோம், சிந்தாதிரிப்பேட்டை! மடக்கிய குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். "இன்னா பசங்களா, இதுக்கே உக்காந்துட்டீங்க? மேல இன்னும் கீது, வாங்க வாங்க." முதல் குன்று பொஜ்ஜன்னகொண்டா. பாறையைக் குடைந்த குகைக் கோயில்கள், வாசலிலும் உள்ளேயும் புத்தர், அவருக்கும் மேலே செங்கல் ஸ்தூபி. பக்கத்துக் குன்றில் பாறையையே செதுக்கிச் சின்னச் சின்ன ஸ்தூபிகள், வரிசை வரிசையாக. இட்லித் தட்டைக் கவிழ்த்த மாதிரி. இதை நான் சத்தமாகச் சொன்னேன். அன்புச்செல்வி மிஸ், "மஹதி இருந்தா வேற நல்ல உவமை சொல்லியிருப்பா" என்றார்.

இரண்டாவது குன்று பாவிகொண்டா. அங்கே, "இது எதுக்காகன்னு மஹதிக்குத் தெரிஞ்சிருக்கும்." பஸ்ஸில், "மஹதி எழுதினதை மறுபடி ஒரு தடவை படிச்சுக்கோம்மா." புளிசாதம் சாப்பிடும்போது, "பாவம் மஹதி, அவளுக்குப் புளிசாதம்னா உசிரு." பயணம் முழுக்க நீ வந்திருந்தாய் மஹதி. நான்தான் வரவில்லை. கல்லைத் தொட்டு, முள் குத்தி, செருப்பு அறுந்து ஏறியது நான். ஆனால் எல்லார் வாயிலும் நீ. இதற்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியும், நீதான் நிறையப் படிப்பாயே.

மாலையில் தொட்லகொண்டா. என் முறை வந்தது. நன்றாகத்தான் பேசினேன். மழைத் தண்ணீரைத் தேக்கப் பாறையில் வெட்டிய தொட்டிகள், பிக்குகளின் அறைகள், கப்பலில் வந்த வணிகர்கள், எல்லாம் உன் வரிகள். பக்கத்தைத் திருப்பினேன். பின்னால் ஒன்றுமில்லை. கடைசிவரை ஒரு தடவைகூட நான் படித்துப் பார்க்கவில்லை, அது என் தப்பு. கீழே விழுந்துவிட்டதோ என்று காலடியில் தேடினேன். ஹம்சினி காதருகில் வந்து, "அவ்ளோதானா?" என்றாள். மகேஷ் அண்ணன், "இன்னா பாப்பா, பேப்பர் காலியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

பிறகு நானே ஒரு முடிவைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். உன் கடைசிப் பக்கத்தை நீ வைத்துக்கொள். என்னுடையதை நான் வைத்துக்கொள்கிறேன்.

ஜுவேரியா

*

மயிலாப்பூர்
29 ஜனவரி 2026

ஜுவேரியாவுக்கு,

நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? அம்மா தூங்கும்போது அவள் போனில் வகுப்புக் குழுவைப் பார்த்தேன். "ஜுவியோட எண்டிங் செம", "எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு", "மகேஷ் அண்ணாவே கைதட்டினார்". முடிவு, முடிவு, முடிவு. மூன்று மாதம் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து நான் எழுதிய தொட்டிகளைப் பற்றி ஒரு ஆள்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. நீ அந்த நிமிடத்தில் யோசித்துச் சொன்ன ஏதோ ஒன்றுக்கு எல்லாருக்கும் கண்ணீர். அது என்ன என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. அங்கே போன எல்லாருக்கும் தெரியும் அல்லவா, எழுத வேண்டிய அவசியம் என்ன? தெரியாதவள் நான் ஒருத்திதான்.

ஹம்சினியின் படங்களையும் பார்த்தேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் கை உன் தோளில் இருக்கிறது, இரண்டு படங்களில். அறுந்த உன் செருப்பில் குத்தியிருப்பது அவளுடைய நீல சேஃப்டி பின். அது எனக்குத் தெரியும், ஆண்டு விழாவுக்கு நானும் அவளிடம் ஒன்று கேட்டேன், இல்லை என்றாள்.

கடைசிப் படம் எனக்குப் புரியவே இல்லை. தொட்லகொண்டாவில் எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். அவ்வளவு தூரம் ரயிலில் போய், அவ்வளவு உயரம் ஏறி, கடலைப் பார்க்காமல் எதைப் பார்த்தீர்கள்? நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் ஒரு நொடிகூடக் கண்ணை எடுத்திருக்க மாட்டேன். இதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. பார்க்கத் தெரிந்தவள் வீட்டில் வேப்பிலையில் படுத்திருக்கிறாள்.

முக்கியமான செய்தி. அன்புச்செல்வி மிஸ் அம்மாவுக்குப் போன் செய்தார். உரையை ஆண்டு மலரில் போடப்போகிறார்களாம். "ஜுவேரியா சொன்ன முடிவையும் அவளை எழுதித் தரச் சொல்லட்டுமா? இல்லை, மஹதியே வேற எழுதியிருக்காளா?" என்று கேட்டாராம். நான் படுக்கையிலிருந்தே, "எழுதியிருக்கேன்னு சொல்லும்மா" என்று கத்தினேன். எழுதுகிறவள் நான். அச்சில் வருவது என் முடிவாகத்தான் இருக்கும். நாளை அப்பா அதைப் பள்ளியில் கொடுத்துவிடுவார்.

நீ சொன்னதை நீ ஒளித்துவைத்துக்கொள். நான் ஒளிக்கப்போவதில்லை. இதோ என் கடைசிப் பக்கத்தின் கடைசி வரிகள். நிதானமாகப் படி.

"மாலை வருகிறது. தொட்லகொண்டாவின் உச்சியில் பிக்குகள் ஓதுவதை நிறுத்துகிறார்கள். அவர்களுக்கு எதிரே சூரியன் மெல்ல மெல்ல வங்கக் கடலில் இறங்குகிறது. கடல் முழுவதும் காவி நிறமாகிறது. தங்கள் ஆடையைக் கடலும் உடுத்திக்கொண்டதைப் பார்த்துப் பிக்குகள் புன்னகைக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து, அதே இடத்தில் நிற்கும் நாமும் இதோ அதையேதான் பார்க்கிறோம்."

இதைவிட நன்றாகவா நீ சொல்லிவிட்டாய்?

மஹதி

பி.கு. அங்கே என்ன வாசனை அடித்தது? கல் சூடாக இருந்ததா? தொட்டிகளில் தண்ணீர் இருந்ததா? பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

*

சைதாப்பேட்டை
1 பிப்ரவரி 2026

மஹதி,

தொட்டிகளில் தண்ணீர் இருந்தது. பச்சையாக, தவளையோடு. கல் சூடாக இருந்தது, மாலையில்கூட. காய்ந்த புல் வாசனை, எங்கிருந்தோ முந்திரிப் பூ வாசனை என்று மகேஷ் அண்ணன் சொன்னார்.

உன் கடைசி வரிகளை மூன்று தடவை படித்தேன். காவி நிறக் கடல் ரொம்ப அழகு. நான் சிரிக்கவில்லை. சரி, கொஞ்சம் சிரித்தேன். சமையல்கட்டிலிருந்து அம்மி, "இன்னாடி தனியா சிரிச்சிக்கினு கீறே?" என்று கேட்கும் அளவுக்கு.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நாம் எத்தனை தடவை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போயிருப்போம்? எப்போதும் எந்த நேரத்தில் போவோம்? டியூஷன் முடிந்து சாயங்காலம். சோளம் தின்றுகொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்போம், இருட்டும். அப்போது சூரியன் எங்கே இருக்கும், யோசித்துப் பார்.

நமக்குப் பின்னால், மஹதி. வீடுகளுக்குப் பின்னால். தொட்லகொண்டாவும் அதே கடல், அதே கரை.

பக்கம் காலியானதும் எனக்கு அழுகை வந்தது. முப்பது பேர் பார்க்கிறார்கள், அழ முடியாது. அதனால் கடல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பினேன். பார்த்தால், பின்னால் மலைகளுக்கு மேல் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, இவ்வளவு பெரிதாக. அப்புறம் மறுபடி திரும்பி எங்கள் நிழல்களைப் பார்த்தேன். ஸ்தூபியின் நிழல், ஹம்சினியின் நிழல், மகேஷ் அண்ணனின் குடை நிழல், எல்லாம் நீண்டு நீண்டு சரிவில் இறங்கிக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

நான் சொன்னது இதுதான். "எல்லாரும் திரும்புங்க. மழைக்காலம் முடியறவரைக்கும் பிக்குங்க மடத்தை விட்டுப் போகக் கூடாதுன்னு மஹதி எழுதியிருக்கா. மழை விட்ட ஒரு சாயங்காலம் அவங்களும் இங்க நின்னிருப்பாங்க. அவங்களால போக முடியாது. ஆனா அவங்க நிழல் மட்டும் இறங்கிப் போகும். கடல் வரைக்கும், கப்பல் வரைக்கும். எங்க மஹதியும் இப்போ வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. ஆனா காலையிலேந்து இங்கதான் சுத்திக்கிட்டு இருக்கா. பார்த்தீங்கல்ல?"

கண்ணீர் வந்தது அதற்குத்தான். எனக்குக் கோபமாகவும் இருந்தது, உன் பெயரை நானும் சொல்லிவிட்டேனே என்று. ஆனால் வேறு எதுவும் தோன்றவில்லை.

உன் பக்கம் கையில் இருந்திருந்தால் நான் அப்படியே வாசித்திருப்பேன். "நாமும் இதோ அதையேதான் பார்க்கிறோம்" என்று கடலைக் காட்டியிருப்பேன், முதுகில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நீ பொறாமையில் அதை எடுத்துவைத்துக்கொண்டதால் இரண்டு பேரும் தப்பித்தோம்.

உண்மையைச் சொல்கிறேன். நீ தப்பாக எழுதியிருக்கிறாய் என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மணி நேரம் இருந்தது. அதன் பிறகு பயம் வந்துவிட்டது. மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டாயா? கொடுக்கவில்லை என்று சொல்.

ஜுவேரியா

*

மயிலாப்பூர்
4 பிப்ரவரி 2026

ஜுவேரியாவுக்கு,

கொடுத்தாகிவிட்டது.

உன் கடிதத்தை வைத்துவிட்டு அம்மாவிடம் என் பக்கத்தின் பிரதியை வாசித்துக் காட்டினேன், நீ பொய் சொல்கிறாய் என்று நிரூபிக்க. அம்மா கரண்டியோடு நின்று கேட்டாள். "நன்னா இருக்குடி. ஆனா சூரியன் எங்கேடி சமுத்ரத்துல அஸ்தமிக்கறது? நாம என்ன பம்பாய்லயா இருக்கோம்?" என்று சொல்லிவிட்டு ரசத்தைப் பார்க்கப் போய்விட்டாள்.

நான் கடலைப் பார்த்த எல்லா நேரமும் சாயங்காலம். சாயங்காலம் என்றால் சூரியன் இறங்கும். கண்ணுக்கு எதிரே கடல் இருக்கும். இரண்டையும் நானே சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பதினான்கு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன்; சூரியன் கடலிலிருந்து வருவதை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை, எழுந்தால்தானே! கன்னிமாராவில் அவ்வளவு புத்தகம் படித்தவளுக்கு ஒரு தடவை திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

நான் எழுதப்போகும் அடுத்த வரிக்காக இரண்டு நாள் இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் முடிவு என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. எழுதிவிட்டேன். அரிக்கிறது. சின்னம்மை இல்லை, இது வேறு.

அதில் நான் வருகிறேன் என்பதால் சொல்லவில்லை. நான் வராவிட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். அதுதான் கஷ்டம்.

நீ மிஸ்ஸிடம் போய் என் பக்கத்தைத் திரும்ப வாங்க வேண்டும். உன் முடிவை அச்சில் போடச் சொல். இரண்டு பெயரும் வரட்டும். ஆனால் ஏன் மாற்றுகிறோம் என்று யாரிடமும் சொல்லாதே. முக்கியமாக ஹம்சினியிடம். சத்தியமாக, ஹம்சினிக்குத் தெரியக் கூடாது.

மஹதி

*

சைதாப்பேட்டை
5 பிப்ரவரி 2026

மஹி,

உன் கடிதம் இன்று காலையிலேயே வந்துவிட்டது. தபால்காரருக்கும் அவசரம் புரிந்திருக்கிறது.

மிஸ்ஸிடம் போனேன். அவர் உன் பக்கத்தைப் படித்துவிட்டு, "ரொம்ப அழகா எழுதியிருக்கா" என்று டைப் அடிக்கக் கொடுத்துவிட்டிருந்தார். அந்தக் குன்றின் மேல் என்னோடு நின்று அந்தச் சூரியனைப் பார்த்தவர்! அவருக்கே தெரியவில்லை. உன் எழுத்தின் மயக்கம் அப்படி.

டைப் அடிக்கக் கொடுத்தது யாரிடம் தெரியுமா? ஹம்சினியிடம்.

போய்க் கேட்டேன். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். அடிக்காமல் வைத்திருந்தாள், நாலு நாளாக. "இந்த இடம் தப்புல்ல, ஜுவி? நாம பாத்தோமே. மிஸ்கிட்ட சொன்னா மஹதிக்கு ஒரு மாதிரி ஆயிடும். அவகிட்ட நானே சொன்னா என்னை இன்னும் பிடிக்காமப் போயிடும். அதான் கம்ப்யூட்டர் ரிப்பேருன்னு மிஸ்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றாள். உனக்குத் தன்னைப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, மஹி. நான் சொல்லவில்லை.

இப்போது நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி!

மிஸ்ஸிடம், "மஹதி இன்னும் ஒரு பத்தி சேர்க்கணும்னு சொல்றா" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை வரை நேரம். என் முடிவை மட்டும் போட நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பேசுகிறவள், நீ எழுதுகிறவள். நீ பார்த்து எழுது.

அதற்கு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் பெசன்ட் நகர் கடற்கரைக்கு வா. அதற்குள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள் என்று உன் அம்மா சொன்னார், நான்தான் போன் செய்தேன், அவரோடு எனக்குக் காய் இல்லை. அப்பா ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் என்னை வண்டியில் கொண்டுவந்து விடுவார். ஹம்சினியும் வருகிறாள், கேமராவோடு. முறைக்காதே.

ஜுவி

*

மயிலாப்பூர்
8 பிப்ரவரி 2026, ஞாயிறு

ஜுவி,

வீட்டுக்கு வந்ததும் எழுதுகிறேன். செருப்பில் இன்னும் மணல் இருக்கிறது.

முகத்தில் இவ்வளவு தழும்போடு ஹம்சினியின் முன் நிற்க வேண்டுமே என்று ஆட்டோவில் வரும்போது முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் நீ அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறாய், ஒரே துப்பட்டாவை இரண்டு பேரும் போர்த்திக்கொண்டு. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். "போய் நில்லுடி. யாரையும் தொடாதே, அவ்வளவுதான்" என்று அம்மா தள்ளிவிட்டாள்.

நாம் காயில் இருந்ததால் பேசவில்லை. பாவம் ஹம்சினி, நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசினாள். "மஹதி, இன்னும் அரிக்குதான்னு ஜுவி கேக்கறா." "நான் ஒண்ணும் கேக்கல" என்று நீ அவளிடம் சொன்னாய். "அவ கேக்கலையாம்" என்று அவள் என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அப்புறம் அது வந்தது. கடலிலிருந்தேதான் வந்தது. நான் எழுதிய காவி நிறம் இருந்தது, ஜுவி! எல்லாம் நான் எழுதியபடியே, நேரத்தைத் தவிர. எனக்கு அழுகை வந்தது. நீ அந்தக் குன்றில் செய்ததை நானும் செய்தேன், திரும்பிக்கொண்டேன். நம் நிழல்கள் மணலில் நீண்டு ஊர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. நீயும் திரும்பினாய். நிழலில் உன் கை மேலே போயிற்று, இரண்டு விரல்கள் நீண்டன. நானும் நீட்டினேன். நமக்கு நடுவே நாலடி தூரம் இருந்தது, அம்மா பார்த்துக்கொண்டும் இருந்தாள். ஆனால் மணலில் இரண்டு விரல்களும் இரண்டு விரல்களும் தொட்டன. அதற்குப் பிறகும் நாம் பேசவில்லை. பேச வேண்டும் என்று தோன்றவே இல்லை.

புதிய பத்தி இது. உன் முடிவுக்குப் பின்னால் வரும்:

"மாலையில் குன்றின் நிழல் கடலுக்குப் போகும். அதைப் போனவர்கள் பார்த்தார்கள். காலையில் சூரியன் கடலிலிருந்து ஏறும்போது அந்த நிழல் திரும்பி ஊருக்குள் வரும். அங்கேயே தங்கியிருந்த பிக்குகள் இரண்டையும் பார்த்தார்கள். ஒரு நாள் பயணமாகப் போகிறவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும். மறுபாதியைப் போக முடியாத ஒருத்தி பெசன்ட் நகரில் பார்த்து எழுதுகிறாள்."

நன்றாக இருக்கிறதா? நாளை நீயே மிஸ்ஸிடம் கொடு. கீழே மூன்று பெயர்கள் எழுதியிருக்கிறேன். எழுதியவர், பேசியவர், படம் எடுத்தவர். மூன்றாவது பெயரை எழுதும்போது பேனாவை இரண்டு தடவை மூடித் திறந்தேன்.

அவள் படத்தை அம்மாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறாள். நன்றாகத்தான் எடுக்கிறாள். மணலில் மூன்று நிழல்கள், நம் விரல்கள் தொடுவதுகூடத் தெரிகிறது. ஆனால் நடுவில் இருக்கும் நிழலைப் பார். கேமராவைப் பிடித்த கை போக மீதிக் கை உன் தோளில் இருக்கிறது.

வியாழக்கிழமையிலிருந்து பள்ளிக்கு வருகிறேன். என் பக்கத்து இடத்தைக் காலியாக வை.

மஹி